கொலைக்களக் காதையில் ஒரு ஜூரி

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருமுறை பட்டிமன்றம் வைத்தார்கள். கோவலன் கொலைக்குப் பெரிதும் காரணம் பாண்டியனா, பொற்கொல்லனா என்பது தலைப்பு. இரண்டு தரப்பும் வெளுத்து வாங்கினார்கள். நடுவர் வழக்கம்போல ஊழ்வினை மேல் பழியைப் போட்டு, எல்லாரையும் சிரித்த முகத்தோடு சாப்பாட்டுக்கு அனுப்பிவைத்தார். எனக்கு மட்டும் ஒரு குறை. வெட்டியவன் மன்னனும் இல்லை, கொல்லனும் இல்லையே! நடுவில் ஒரு காவலர் கூட்டம் நின்றதே, அதைப் பற்றி யாரும் ஏன் வாய் திறக்கவில்லை? அந்தக் குறையை இந்த மலரில் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். அரிசி வியாபாரி எழுத்து; புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

சிலம்பைப் பேச நமக்குத் தனி உரிமையும் உண்டு. இளங்கோவடிகள் துறவு பூண்டிருந்த குணவாயிற் கோட்டம், கொடுங்கல்லூர்ப் பக்கம் உள்ள திருக்கணாமதிலகம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மன்னன் சும்மா 'கொல்' என்று சொல்லவில்லை. தன் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான். இந்த 'இருக்குமானால்' என்பதில்தான் சூட்சுமம். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் தீர்மானிக்கிற வேலை காவலர் தலையில் விழுந்துவிட்டது. பிற்காலத்தில் ஜூரி என்று வைத்தார்களே, அவர்களுக்கும் இதே வேலைதான். சட்டம் இன்னது என்று நீதிபதி சொல்வார். நடந்தது இன்னது என்று ஊரிலிருந்து பொறுக்கி எடுத்த சாதாரண ஆட்கள் சொல்ல வேண்டும்.

காவலர்கள் முதலில் சரியாகத்தான் சொன்னார்கள். இவனுடைய லட்சணத்தைப் பார்த்தால் கொலைக்குரிய ஆளாகத் தெரியவில்லை என்றார்கள். ஒருவர் இருவர் அல்ல, பன்மையிலேயே சொல்கிறார் அடிகள். ஆக, ஆரம்பத்தில் கூட்டமே கோவலன் பக்கம். கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வரின் எட்டு வழிகளை அடுக்குகிறான். தூதன் வேஷத்தில் வந்து அரச குமாரன் மார்பிலிருந்த ஆரத்தைக் கொண்டுபோன திருடன் கதையைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளங்காவலனுக்குத் தன் அனுபவம் ஞாபகம் வந்துவிடுகிறது. மழைக்கால நடுராத்திரியில் ஒரு திருடன் என் கைவாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்துபோனான் என்கிறான். விட்டால் ராஜா நம்மைத் தண்டிப்பார், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கூட்டாளிகளைக் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதற்குள், படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான்.

இதில் கோவலனைப் பற்றிய சாட்சியம் எங்கே? ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேறு எந்தத் திருடனைப் பற்றியோ உள்ள கதை. சிலம்பின் வேலைப்பாட்டை விளக்கிக் காட்டியவனும் கொல்லன்தான். திருடியவனே நிபுணர் சாட்சி! உடைத்துப் பார்த்தால் முத்தா மாணிக்கமா என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதைக் கண்ணகி வந்துதான் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நம் உரையாசிரியர்கள் அழுத்திச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. காவலரின் சந்தேகமும் நல்ல சந்தேகம் அல்ல. முகலட்சணத்தைப் பார்த்து வந்த சந்தேகம். கோவலன் கறுத்து மெலிந்து கந்தல் கட்டி நின்றிருந்தால் அந்த ஒரு வார்த்தைகூட வந்திருக்காது. ஆளைப் பார்த்து வந்த இரக்கம், 'திருடன் எந்த வேஷத்திலும் வருவான்' என்ற ஒரே பேச்சில் கரைந்துபோகிறது.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. 1944 நவம்பரில் சென்னையில் 'இந்து நேசன்' பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகை அது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஹைகோர்ட்டில் ஒன்பது ஜூரிகள். அந்த ஒன்பது பேரும் இவர்களைத் திரையில் பார்த்தவர்களாகவோ, இவர்களைப் பற்றிய வம்பைக் கேட்டவர்களாகவோ இல்லாமல் எப்படி இருந்திருக்க முடியும்? 1945-ல் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். தீவாந்தர தண்டனை. அவர் சிறையில் கிடக்க, பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி ஹைகோர்ட்டுக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் பழைய மவுசு திரும்பவே இல்லை.

அந்த மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். அன்றைய சட்டப்படி ஒன்பதில் ஆறு பேர் ஒரு பக்கம் நின்று, நீதிபதியும் ஒப்பினால் போதும். மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே ஆறு பேருக்கு இல்லை. 1957-ல் வந்த '12 ஆங்ரி மென்' படத்தில் முதல் ஓட்டெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். பன்னிரண்டு பேரும் ஒத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால்தான் அந்த ஒருவரோடு மற்றவர்கள் வாதாட வேண்டி வருகிறது. நம் ஹைகோர்ட் விதிப்படி எடுத்திருந்தால் படம் முதல் ரீலிலேயே முடிந்திருக்கும்! பாசு சட்டர்ஜி இதை 1986-ல் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று இந்தியில் எடுத்தார், பார்க்காதவர்கள் பார்க்கலாம். அமெரிக்காவில் லூசியானா மாநிலம் 1898-ல் ஒன்பது பேர் ஒத்தால் போதும் என்று விதியைத் தளர்த்தியது. ஜூரியில் ஒன்றிரண்டு கறுப்பர் உட்கார்ந்தாலும் அவர்கள் ஓட்டு செல்லாக் காசாக வேண்டும் என்பதே நோக்கம். ஒருமித்த தீர்ப்பு கட்டாயம் என்று அங்கே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துச் சொன்னது 2020-ல்தான்.

நானாவதி வழக்கில் 1959-ல் எட்டுக்கு ஒன்று என்று பம்பாய் ஜூரி விடுதலை செய்ததையும், நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பியதையும் பலர் எழுதியாயிற்று. அதுவே கடைசி ஜூரி வழக்கு என்பது மட்டும் தவறு. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி உட்கார்ந்தது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது.

சட்டத்தில் ஒழிந்தது, சரி. சங்கங்களிலும் பஞ்சாயத்துகளிலும் கடைத்தெருவிலும் ஒழிந்ததா?

1987 என்று நினைவு. பஜாரில் ஒரு பாண்டிகசாலையில் இரண்டு மூட்டை அரிசி குறைந்தது. கம்பம் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த பையன் மேல் சந்தேகம். வியாபாரிகள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். அதில் அடியேனும் ஒருவன். 'இந்தப் பாண்டிப் பயலுகளே இப்படித்தான்' என்று ஒருவர் ஆரம்பித்தார். சொன்னவர் மலையாளி என்று நினைக்காதீர்கள், அவரும் தமிழர்தான், இங்கே மூன்று தலைமுறை. உடனே ஆளுக்கொரு திருட்டுக் கதை. எழுபத்தைந்து கிலோ மூட்டையை அந்த ஒல்லிப் பையன் ஒண்டியாக எப்படித் தூக்கியிருப்பான் என்று நான் கேட்டேன். ஒருவர் சிரித்தார். 'நயினாருக்கு எறும்பைக்கூட மிதிக்க மனசு வராது, இவரைக் கேட்டா?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கேட்டது தராசுக் கணக்கு. அது ஜைனன் இரக்கம் ஆகிவிட்டது. மறுபடி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் அதே எண்ணம் இருந்ததாம், ஆறு மாதம் கழித்துச் சொன்னார். சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ அறிஞர் 1950-களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் சோதித்துக் காட்டியதும் இதுதானே. ஊரே தப்பாகச் சொன்னாலும், பக்கத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் நமக்குத் தைரியம் வந்துவிடும். அந்தப் படத்திலும் ஒரு கிழவர் கூட நிற்கிறார்.

லாரிக்காரன் அந்த இரண்டு மூட்டையை அடுத்த பாண்டிகசாலையில் இறக்கியிருந்தான் என்று பிறகு தெரியவந்தது. பையனைக் கம்பத்தில் இரண்டு தடவை ஆள் விட்டுத் தேடினேன். அகப்படவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் செயலாளர் மறுபடி சிலம்பையே எடுத்தால், மூன்றாவது அணி ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். குடிகாரன் வாளை வீசியபோது சுற்றி நின்ற மற்றவர்களின் தரப்பு அது. பேச ஆள் கிடைக்காவிட்டால் நானே பேசுகிறேன்.