மதுரைக்காஞ்சியில் நகர் வாழ்வு

‘நகர வாழ்க்கையின் தீமைகள்’ என்பது நம் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று. நானும் பல ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதியவனே. ஒருமுறை மாணவன் ஒருவன், கோலாலம்பூரில் வேலை செய்யும் தன் அண்ணனின் வாழ்வைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதியிருந்தான். வேலை முடிந்தபின் நண்பர்களோடு தேநீர் அருந்துவதும், சம்பள நாளில் அம்மாவுக்குச் சேலை வாங்க மஸ்ஜித் இந்தியா சாலையில் கடைகடையாக ஏறி இறங்குவதும் அக்கட்டுரையில் இருந்தன. ‘தலைப்பைவிட்டு விலகியது’ எனச் சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். பின்னர் மதுரைக்காஞ்சியை மீண்டும் பயின்றபோது, விலகியவன் அவனல்லன், நானே என்பது விளங்கிற்று.

பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி, 782 அடிகளையுடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபின், இப்பாட்டு கற்போர் கைக்கு எளிதில் எட்டிற்று. வகுப்பில் நாம் இதனை இருவகையாகக் கற்பிக்கிறோம். ஒன்று, பாண்டியனின் பெருமை. மற்றொன்று, உலகம் நிலையற்றது என்னும் அறிவுரை. இவ்விரண்டிற்கும் நடுவே விரிந்து கிடக்கும் மாநகரின் ஒருநாள் வாழ்வை ‘வருணனை’ என்று ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்நகரில் நாம் காண்பவர் யார்? சங்கறுத்து வளை கடைவோர், மணிகளுக்குத் துளையிடுவோர், பொன்னணி செய்வோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், ஆடை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர், ஓவியர் எனத் தொழிலாளரும் வணிகருமே தெருவை நிறைக்கின்றனர். நரைத்த கூந்தலையுடைய முதுபெண்டிர் பூவும் பண்டமும் ஏந்தி மனைதோறும் திரிகின்றனர். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி. இரவு முதிர்கையில், தேன்கூட்டை ஒத்த மெல்லிய அடையும் பாகு கலந்த மோதகமும் விற்ற கூவியர் தம் பண்டங்களோடு இருந்தவாறே உறங்கிப்போகின்றனர். உழைத்துக் களைத்தவனின் உறக்கத்தைக்கூடப் புலவர் விட்டுவிடவில்லை. விடியலில் வீட்டுக் கதவுகள் ஒலியோடு திறக்க, நகரம் மீண்டும் விழித்தெழுகிறது.

இவற்றுள் அரசன் தந்த இன்பம் எத்தனை? மிகச் சிலவே. ஏனையவை, தத்தம் தொழிலைச் செய்து மாலையில் கடைத்தெருவிற்கு வரும் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட இன்பங்கள். ஒரு தலைநகரின் சிறப்பு கோட்டையின் உயரத்தில் இல்லை. அங்கு உழைப்பவன் நாள்தோறும் நுகரும் சிற்றின்பங்களில் இருக்கிறது என்பதே இப்பாட்டு காட்டும் உண்மை.

புலவர் தீமையை அறியாதவரும் அல்லர். நள்ளிரவில் நூலேணியோடு மறைந்து திரியும் கள்வரையும், மழையிலும் சோராது அவர்களைத் தேடும் காவலரையும் அவர் காட்டுகிறார். ஆனால் கள்வரைக் கண்டதனால் நகரையே பழிக்கவில்லை. ஒரு குறையை மட்டும் நாம் சொல்லியாக வேண்டும். இத்தனை தொழிலாளரைக் காட்டிய பாட்டில் அவர்களுள் ஒருவரும் வாய்திறந்து தம் வாழ்வைப் பேசவில்லை. அவர்களின் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. புலவர் தெருவில் நின்று பார்த்தாரேயன்றி, அவர்கள் வீட்டினுள் அமர்ந்து கேட்கவில்லை.

நிலையாமையைக் கூறவந்த பாட்டு இத்தனை இன்பங்களை ஏன் அடுக்குகிறது என்று சிலர் வினவலாம். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனிடம் நிலையாமையைப் பேசிப் பயனில்லை. மேலும், பாட்டின் முடிவைக் காண்க. உனக்கு வரையறுத்த வாழ்நாள் முழுதும் மகிழ்ந்து இனிது வாழ்வாயாக என்றே புலவர் அரசனை வாழ்த்துகிறார். நிலையாதது என்பதனால் வெறுத்துவிடு என்பதன்று, நிலையாதது என்பதனாலேயே நன்கு வாழ் என்பதே காஞ்சி கூறும் பாடம்.

இதனை நம் மண்ணில் வைத்தும் பார்க்கலாம். 1999 முதல் கூட்டரசின் நிருவாக அலுவலகங்கள் புத்ராஜெயாவுக்குப் பெயர்ந்தன. ஆயினும் தலைநகரான கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களின் பூக்கடைகளும் மாலைநேரக் கூட்டமும் பெயர்ந்து போகவில்லை. அத்துணைத் தொலைவு போவானேன்? நம் ஈப்போவும் 1937 முதல் பேராக் மாநிலத்தின் தலைநகரே. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்து விற்கும் தமிழர் அந்தக் கூவியரின் வழியில் வந்தவர் அல்லரோ!

சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், ஈப்போவில் இரயிலேறித் தலைநகருக்கு வேலை தேடிப் போகிறார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட பின்னர் அவர்கள் வேறெங்குச் செல்வர்? நகரம் நரகம் என்று மட்டும் கற்பித்து அனுப்பினால், அங்கு அவர்கள் அடையும் எளிய மகிழ்ச்சியையும் குற்றவுணர்வோடே அடைவர். ஆகவே ஆசிரியத் தோழர்களே, அப்பழைய தலைப்பை அழித்துவிட்டு, ‘நகரில் ஒரு நாள்’ என்று எழுதுவோம். கள்வரையும் எழுதட்டும், கூவியரையும் எழுதட்டும். மருதனார் தம் பாட்டில் பேசவிடாத தொழிலாளியின் குரலையும் நம் மாணவர் எழுதுவாராயின், அதுவே அப்பாட்டை நாம் முறையாகக் கற்பித்தமைக்குச் சான்றாகும்.