கனம்தான் அதன் குணம்

ஃபிளை ராட் என்னும் தூண்டில் கோலைப் பற்றிக் கேட்டால் பழைய ரசிகர்கள் மூங்கிலைச் சொல்வார்கள். புதியவர்கள் கார்பனைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிறந்து, கொஞ்ச காலத்திலேயே ஓரங்கட்டப்பட்ட கோல் ஒன்று உண்டு. உள்ளே துளையே இல்லாத, கெட்டியான கண்ணாடி இழைக் கோல். கனம், மந்தம், மலிவு என்று சொல்லி, பழைய கோல்களைச் சேர்ப்பவர்களே அதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ராடில் கொக்கியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை. நூலையே தடிமனாகச் செய்து, அதன் எடையைத்தான் வீசுகிறோம். பின்னால் எறிந்து, காற்றில் விரியவிட்டு, முன்னால் கொண்டுவர வேண்டும். கோல் எப்படி வளைகிறது, எப்படி நிமிர்கிறது என்பதில்தான் வித்தை.

ஆர்தர் ஹோவால்ட் என்ற பிளாஸ்டிக் ஆராய்ச்சியாளர், தன் மூங்கில் கோலின் நுனி உடைந்தபோது கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து மாற்று நுனி செய்துகொண்டார். அந்த முறையை மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் இருந்த ஷேக்ஸ்பியர் கம்பெனி எடுத்துக்கொண்டு, ‘வொண்டர்ராட்’ என்று விற்றது. நியூயார்க் மாநிலத்து யூடிகாவின் ஹாராக்ஸ்-இபாட்சன், பிலடெல்பியாவின் ஓஷன் சிட்டி போன்ற கம்பெனிகள் கெட்டிக் கோல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1950 கடைசியில் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட்டதும் கோல் செய்ய வேண்டிய டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடிக்கு யோகம் அடித்தது.

கெட்டிக் கோலை எப்படி அடையாளம் காண்பது? கோலின் துண்டுகளை இணைக்கும் பூண் அவற்றின் முனைகளை மூடியிருக்கும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. முதலில் பருமனைப் பாருங்கள். அதே நீளமுள்ள துளைக் கோலைவிட இது ஒல்லி, ஆனால் கையில் எடுத்தால் நுனி கீழே இழுக்கும். விரல் நகத்தால் தட்டினால் துளைக் கோலின் கணீர் ஒலி வராது. மொத்தையான ஒரு சத்தம்தான். பெயிண்ட் பூசாத கோல் என்றால் வெயிலுக்கு நேரே பிடியுங்கள். கண்ணாடித் துணியைச் சுற்றிச் செய்த துளைக் கோலில் நெசவின் குறுக்குக் கோடுகள் தெரியும். கெட்டிக் கோலில் இழைகள் நீளவாக்கில் மட்டும், சீவிய கூந்தல் மாதிரி ஓடும். துளைக் கோலான வொண்டர்ராடிலும் நீள இழைதான், அதனால் குழம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பில், செய்யும்போது இறுக்கிச் சுற்றிய செலோபேனின் தடம் திருகு வரியாக விரலுக்குத் தட்டுப்படும்.

கைப்பிடிக்கு மேலே சில கோல்களில் ‘எச்டிஎச்’ என்று எழுதியிருக்கும். நூலின் தடிமனை எழுத்தால் குறித்த காலம் அது: ‘எச்’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, ‘டி’ என்றால் 45. இரு முனையும் மெலிந்து நடுவே பருத்த நூல் என்று பொருள். பட்டு நூல் இருந்தவரை இந்தக் கணக்கு சரியாக வந்தது. நைலான் வந்ததும் ஒரே தடிமனில் எடை மாறியது. அதனால் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுக்கத் தொடங்கினார்கள். ‘எச்டிஎச்’ கோலுக்கு இன்றைய 6-ம் எண் நூலில் தொடங்கலாம்.

துளைக் கோல் கெட்டிக் கோலை ஏன் வென்றது என்பதற்குக் கணக்கு உண்டு. விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவே துளை போட்டால் எடையில் கால் பங்கு குறையும். விறைப்பிலோ பதினாறில் ஒரு பங்குதான் போகும். நடுவில் இருக்கும் கண்ணாடி கிட்டத்தட்ட வெறும் சுமை. ஆனால் அந்தச் சுமைதான் எனக்குப் பிடித்தது. கார்பன் கோலை வளைக்க நிறைய நூல் வெளியே போக வேண்டும். கெட்டிக் கோல் தன் கனத்திலேயே வளைந்துகொடுக்கும். 15 அடி நூல் போதும். டிரவுட் மீன் வாழும் சிற்றோடைகளில் பெரும்பாலும் அவ்வளவு தூரம்தான் தேவை. நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வீசும்போது அவசரப்பட்டால் கெட்டது. பின்வீச்சில் நூல் முழுக்க விரியும்வரை பொறுங்கள். வளைவு கார்க் கைப்பிடிவரை இறங்கி வருவதை உள்ளங்கை உணரும். அதன்பின் மெதுவாகத் தொடங்கி, சீராக வேகம் கூட்டி முன்னே தள்ளுங்கள். கார்பனில் பழகிய கை வெடுக்கென்று நிறுத்தும். இங்கே அப்படி நிறுத்தினால் கனத்த நுனி ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம் நூலில் அலை அலையாக ஏறும். மணிக்கட்டைத் தளர்த்தி நிறுத்தினால் நூல் அகன்ற வளையமாக விரிந்து, பூச்சி தண்ணீரில் மெல்ல உட்காரும். 50 அடிக்கு இது ஆகாது. 25 அடிக்குள் இதைவிட இதமான கோலை நான் பிடித்ததில்லை.

பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் விலை பேசுமுன் பூணைச் சேர்த்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினாலோ, அதன் ஓரத்தில் இழை வெடித்து வெள்ளையாகத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். வார்னிஷ் மங்கியதும் கார்க் கறுத்ததும் குறையே இல்லை. தாராளமாக வாங்குங்கள்.