ஒரு பீச்சும் ஒரு சொட்டும்

பழைய வால்வு ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரப்பு, பேண்ட் மாற்றினால் ஸ்டேஷன் விட்டு விட்டுக் கேட்கும். உடனே கான்டாக்ட் கிளீனர் டப்பாவை எடுத்து நாலு பீச்சு பீச்சுகிறோம். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதனாலேயே இந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதற்கு முந்தைய வழக்கங்களோடு ஒப்பிட்டால் ஸ்ப்ரே எவ்வளவோ மேல். பேண்ட் சுவிட்சின் முனைகளில் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு இருக்கும். காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு அது கறுக்கும். கறுப்பைக் கண்டதும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் மெல்லிய பூச்சு போய் அடியிலுள்ள பித்தளை வெளிப்பட்டு, பச்சை பூக்கத் தொடங்கும். சி.டி.சி. என்று மெக்கானிக்குகள் ஊற்றிக் கழுவிய கார்பன் டெட்ராகுளோரைடு அழுக்கை நன்றாகவே எடுத்தது, கல்லீரலையும் கெடுத்தது. ஓசோன் படலத்துக்கும் கேடு என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்திவிட்டது.

ஸ்ப்ரேயின் குறை அதன் தாராளத்தில் இருக்கிறது. பேண்ட் சுவிட்சின் முனைகளைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பிசினில் தோய்த்த அட்டை. எண்ணெய் கலந்த கிளீனரை அது உறிஞ்சும், மேலே தூசி ஒட்டும். சில செட்டுகளில் அந்த அட்டையின் மேலேயே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. கசிவுக்கு அதுவே வழி. வால்யூம் கன்ட்ரோலிலோ, வீரியமான திரவம் உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். கார்பன் தடமே தேய்ந்திருந்தால் எந்த டப்பாவாலும் பயனில்லை. 1953இல் ராக்கெட் உலோகத்தில் ஈரம் அண்டாமலிருக்க உருவாக்கிய டபிள்யூ.டி.-40ஐ ரேடியோவுக்குள் அடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

சுத்தம் செய்தபின் எதுவும் பூசாமல் விடுவதே நல்லது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெறும் உலோகம் மறுபடி கறுக்கும், உராய்ந்து தேயும். மின்சாரம் கடத்தாத கிரீஸை முனையில் தடவலாமா என்று தயங்க வேண்டாம்: முனைகள் தொடும் புள்ளியில் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதை ஒதுக்கிவிடும், சுற்றிலும் நிற்பது காற்றைத் தடுக்கும். படலம் மெல்லியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, சிரிஞ்சால் முனைக்கு ஒரு சொட்டு கிளீனர் விடுங்கள். பிறகு குமிழை இருபது முறையாவது இப்படியும் அப்படியும் திருகுங்கள். பாதி அழுக்கை எடுப்பது அந்த உராய்வுதான். நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.