சாய்மனைக் கதிரைக்கு ஓர் இடம்

எங்கள் ஹோல் பத்தடிக்குப் பத்தடி. அதில் கடைச் செற்றியைப் போட்டால், வருகிறவர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு வருடம் அப்படி நடந்து பார்த்துவிட்டு, அதை விற்று, அப்புவின் சாய்மனைக் கதிரையை விறாந்தையிலிருந்து உள்ளே எடுத்தோம்.

முதிரைச் சட்டம், பிரம்புப் பின்னல். வியர்த்து வந்து சாய்ந்தால் பின்னலின் கண்களூடாக முதுகுக்குக் காற்று வரும். பஞ்சுச் செற்றிக்கு அந்த வித்தை தெரியாது. கைப்பிடிக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் பலகையை வெளியே இழுத்தால் கால் போடலாம். ஆள் வந்தால் உள்ளே தள்ளிவிடலாம். வலது கைப்பிடியில் தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து விழுந்த வெள்ளை வளையம் ஒன்று. தச்சர் சீவித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து போனார்கள். தளபாடங்களின் பெயர்கள் மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்குக் 'கதிரை' என்றால் நெற்கதிர்தான் ஞாபகம் வருகிறதாம்.

சுவருக்கு ஈபிள் கோபுரப் படம் மாட்டுவது இப்போது ஊர் வழக்கம். எனக்கு ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்குவின் கோட்டோவியப் பிரதி ஒன்று, பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயமிட்ட பனையோலைச் சுளகு. மூலையில் கடகம், அதற்குள் பழைய பேப்பர். போன கிழமை வந்த பெறாமகள் சுளகை இறக்கி, "சித்தப்பா, இதிலை அரிசி புடைக்கலாமோ?" என்று கேட்டாள்.