அணைத்த அடுப்பில் வேகும் சோறு: சூரிய அடுப்பும் தெர்மல் குக்கரும் ஒரு வருடச் சோதனை

மதுரை வில்லாபுரத்தில் மொட்டை மாடி வெயில் சும்மா கிடப்பதில்லை. மாசி பிறந்ததும் பழைய வேட்டியில் கூழ்வற்றல் காயும், மோர்மிளகாய் காயும், இந்தப் பக்கம் அப்பளம் போட்டுப் பிழைக்கிற வீடுகளுக்கு வெயில் வந்தால்தான் அன்றைய வேலை. வற்றலைக் காயவைக்கிற இந்த வெயிலில் சோறும் குழம்பும் ஆக்க முடியுமா, முடிந்தால் எத்தனை நாள், எவ்வளவு சிரமத்தோடு? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு தை மாதம் சூரிய அடுப்பு ஒன்றும், அதற்குத் துணையாகத் தெர்மல் குக்கர் ஒன்றும் வாங்கினேன். அடுத்த மார்கழி வரை இரண்டையும் புழங்கி, நேரத்தையும் சூட்டையும் நோட்டில் குறித்துவந்தேன். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மதியம் சோறு, ஒரு குழம்பு, ஒரு கூட்டோ பொரியலோ. ராத்திரிக்குப் பெரும்பாலும் இட்லி, தோசை. இந்தச் சமையலை வைத்துத்தான் சோதனை.

தெர்மல் குக்கர்: ஏழு நிமிட நெருப்பு

முதலில் எளியதைச் சொல்லிவிடுகிறேன். தெர்மல் குக்கரில் மின்சாரம் கிடையாது, விசில் கிடையாது. உள்ளே ஒரு எவர்சில்வர் பானை. வெளியே சூடு வெளியேறாதபடி இரட்டைச் சுவருக்கு நடுவே நுரை அடைத்த ஒரு கூடு, அதற்கு ஒரு மூடி. அவ்வளவுதான். ஒரு கிலோ அரிசி வேகும் அளவு எனக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆனது.

அரிசியை நிறையத் தண்ணீரில் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்த பிறகு ஏழு நிமிடம். பிறகு பானையை மூடியோடு தூக்கிக் கூட்டுக்குள் வைத்துவிடலாம். முதல் நாள் அம்மா பக்கத்திலேயே நின்றார். "அடுப்ப அமத்திட்டா சோறு எப்படிடா வேகும்?" என்றார். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தபோது பொன்னி புழுங்கல் பதமாக வெந்து, வழக்கம்போலக் கஞ்சி வடிக்கத் தயாராக இருந்தது. அவரே ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

இது எப்படி நடக்கிறது? சோறு வேக நெருப்பு தேவையில்லை, சூடு போதும். அரிசியில் உள்ள மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் குழைவதற்கு ஏறக்குறைய எழுபது, எண்பது டிகிரி போதுமானது. திறந்த அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் பானை, அந்த நேரமெல்லாம் எரிவாயுவை நீராவியாக மாற்றி ஜன்னல் வழியே அனுப்புகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன்: ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் 130 மில்லி தண்ணீர் ஆவியாகும்போதே எடுத்துக்கொண்டு போய்விடும். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். தெர்மல் குக்கர் அந்தத் தம்மை அன்றாடச் சோற்றுக்குக் கொண்டுவருகிறது.

எங்கள் நோட்டிலிருந்து சில கணக்குகள். ரேஷன் புழுங்கல் அரிசிக்குப் பத்து நிமிடக் கொதி, ஒரு மணி நேரம் கூட்டில். பச்சரிசிக்கு மூன்று நிமிடக் கொதி, இருபது நிமிடம்; அதற்கு மேல் விட்டால் குழைந்துவிடும். துவரம் பருப்பை அரை மணி ஊறவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஒன்றரை மணி நேரம் வைத்தால் மத்தால் கடையும் பதம் வரும். கொண்டைக்கடலைக்கு ராத்திரி ஊறல், கால் மணி நேரக் கொதி, இரண்டரை மணி நேரம். ராஜ்மா மட்டும் தனி: அதில் உள்ள ஒரு நச்சுப்பொருள் நல்ல கொதியில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் அழியும். அந்தக் கொதியை ஒருபோதும் குறைக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. பானை நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். கழுத்துவரை நிறைந்த பானை நான்கு மணி நேரம் கழித்தும் 78 டிகிரி காட்டியது. பாதிப் பானை 62-க்கு இறங்கிவிட்டது. ஒருநாள் இரண்டு பேருக்காக 200 கிராம் அரிசி போட்டோம், நடுவில் அரிசியாகவே இருந்தது. இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சூடு 60 டிகிரிக்குக் கீழே போனால் சோற்றில் கிருமி பெருகத் தொடங்கும். அதனால் காலையில் வைத்ததை ராத்திரி வரை விட்டுவைக்கக் கூடாது. தாளிப்பு, வறுவல், தோசை எதுவும் இதில் ஆகாது.

சூரிய அடுப்பு: மாடியில் ஒரு பெட்டி

நான் வாங்கியது பெட்டி வகை. சூட்கேஸ் போன்ற உருவம். உள்ளே கறுப்பு அடித்த தட்டு, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு, மேலே இரட்டைக் கண்ணாடிக் கதவு. அதற்கும் மேலே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த மூடி. கறுப்பு அடித்த நான்கு அலுமினிய டப்பாக்கள் கூடவே வரும். செலவு சுமார் 5,000 ரூபாய்.

இதன் தத்துவம் பழையது. 1767-இல் தொடங்கிய சோதனைகளில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொசூர் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலைப் பிடித்துத் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிய சூட்டைக் காட்டினார். 1870-களில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் எட்டுப் பட்டைக் கண்ணாடி வைத்த அடுப்பில் ஏழு சிப்பாய்களுக்கான உணவை இரண்டு மணி நேரத்தில் சமைத்தார். நம் நாட்டில் 1980-களில் அரசே மானியம் கொடுத்துப் பெட்டி அடுப்பைப் பரப்பியது. தத்துவம் இதுதான்: ஒளி கண்ணாடி வழியே உள்ளே போகிறது. கறுப்பில் பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடு வெளியே வர வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே சேர்கிறது. பங்குனி மாதம் பகல் பன்னிரண்டரைக்கு வெறும் பெட்டிக்குள் 130 டிகிரி பார்த்தேன். டப்பாக்கள் உள்ளே இருக்கும்போது உணவு 95-லிருந்து 100-க்குள் நிற்கும். தீய்வது அபூர்வம், கிளறும் வேலை கிடையாது.

காலை பத்தரைக்கு வைத்தால் ஊறவைத்த அரிசி பன்னிரண்டரைக்கு வெந்திருக்கும். பருப்புக்கு இரண்டரை மணி நேரம். முட்டையைத் தண்ணீர் இல்லாமல் அப்படியே டப்பாவில் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் அவிந்துவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் தண்ணீர் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் அதன் இனிப்பு வெளியே ஒழுகும் அளவுக்கு வேகும். தை மாதத்தில் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று மணி நேரம் வைத்தோம். அந்த மணம் மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய், அவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தோற்றது கீரை. அது நீண்ட சூட்டில் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடுகிறது.

திசையில் பறிபோன இரண்டு வாரம்

கூட வந்த தாளில் "பெட்டியைத் தெற்கு நோக்கி வைக்கவும்" என்று அச்சிட்டிருந்தது. தையிலும் மாசியிலும் அது சரியாகத்தான் இருந்தது. சித்திரை நடுவில் ஆரம்பித்துச் சூடு ஏறவே இல்லை. இரண்டு வாரம் அரைவேக்காட்டுப் பருப்பைக் கீழே கொண்டுவந்து அடுப்பில் வைத்தோம். அடுப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

தவறு தாளில் இருந்தது. அது வடஇந்தியாவுக்கு எழுதப்பட்ட விதி. அங்கே பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வருஷம் பூராவும் தெற்குப் பக்கம்தான். மதுரை ஏறக்குறைய பத்தாவது அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒருநாள், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். நிழலில்லா நாள் என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது பெட்டி வடக்கே பார்க்க வேண்டும். கண்ணாடி மூடி தெற்குப் பக்கம் நிற்க வேண்டும். மார்கழியில் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே சரிந்துவிடும். அப்போது எல்லாம் தலைகீழ்.

இன்னொரு விஷயம். நம் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. மதுரையில் உண்மையான உச்சிப்பொழுது ஏப்ரல் நடுவில் 12.17 வாக்கில்தான் வருகிறது, பிப்ரவரியில் 12.30-ஐத் தொடுகிறது. பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை உள்ள நேரமே தங்கமான நேரம். திசையைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பெட்டி விளிம்பில் ஒரு ஆணியை நிமிர்த்தி வைத்து, அதன் நிழல் கண்ணாடி மூடியை நோக்கி நேராக விழும்படி பெட்டியைத் திருப்ப வேண்டும். பிறகு டப்பாக்கள் மேல் ஒளி விழும்வரை மூடியைச் சாய்க்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். அப்போது கண்ணாடியை நேராகப் பார்க்காதீர்கள். கண் கூசும், கெடும்.

எத்தனை நாள் எரிந்தது?

ஒரு வருஷத்தில் முழுச் சமையலும் முடிந்த நாட்கள் 214. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்த்துப் பத்தொன்பது நாள்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பெட்டியை நம்ப முடியாது. கோடையிலும் திடீரென்று மேகம் கூடும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் பாதி வெந்ததை உடனே அடுப்புக்கு மாற்ற வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

எரிவாயு சிலிண்டர் எங்களுக்கு முன்பு 38 நாள் வரும். தெர்மல் குக்கரை மட்டும் புழங்கிய மாதங்களில் 46 நாள் வந்தது. இரண்டையும் புழங்கிய பங்குனி முதல் ஆடி வரை 54 நாள். தாளிப்பும் காபியும் தோசையும் எரிவாயுவில்தான் நடந்தன; அவற்றைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இரண்டும் சேர்ந்தால்

சூரிய அடுப்புக்குப் பகல் உண்டு, ராத்திரி கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்கும் யோசனை கேரளத்திலிருந்து வந்தது. அங்கே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் வீடுதோறும் பரப்பிய சூடாறாப்பெட்டி தெர்மல் குக்கரின் அண்ணன் மாதிரி: தெர்மாகோல் அடைத்த ஒரு பெட்டி, கொதிக்கும் பானையை அப்படியே உள்ளே வைத்து மூடுவது. நானும் கடையில் கிடைத்த தெர்மாகோல் பெட்டி ஒன்றின் உள்ளே பழைய போர்வையை மடித்து அடைத்தேன். தெர்மாகோல் அதிகச் சூட்டில் இளகும். அதனால் பாத்திரம் நேரடியாக அதில் படக் கூடாது, இடையில் துணி வேண்டும். மூன்றரை மணிக்கு வெயில் தணியும்போது நான்கு டப்பாக்களையும் ஒன்றாக அடுக்கி உள்ளே வைத்து மூடினோம். ஏழரைக்குத் திறந்தபோது 65 டிகிரி, ஆவி பறந்தது. பகல் வெயிலில் ஆக்கியதை ராத்திரி சூடாகச் சாப்பிட்டோம்.

பெரிய சமையலறைகளில் வெயில் எப்போதோ வேலைக்கு வந்துவிட்டது. ஆரோவில் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் நீராவி தயாரித்து ஏறக்குறைய ஆயிரம் பேரின் மதிய உணவுக்கு உதவும்படி அமைக்கப்பட்டது. திருமலையில் 2002-இல் 106 தட்டுகள் வைத்து 15,000 பேருக்குச் சமைக்கும் ஏற்பாடு வந்தது. வீடுகளில் மட்டும் இது தங்காமல் போனதற்குக் காரணம் என்னவென்று இந்த வருஷத்தில் எனக்குப் புரிந்தது. பெட்டியில் குறையில்லை. மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும் வாடகை வீடு, பக்கத்துக் கட்டடத்தின் நிழல், பத்து மணிக்குள் எல்லாரும் வேலைக்குப் போய்விடும் குடும்பம் என்று தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பன்னிரண்டு கிலோ பெட்டியைத் தினமும் தூக்கி இறக்க எல்லாராலும் முடியாது. மாடியிலேயே வைத்துத் தார்ப்பாய் போட இடம் வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்களும் வீட்டு உரிமையாளர்களும் மாடியில் நாலு சதுர அடி விட்டுக்கொடுத்தாலே பாதித் தடை நீங்கும்.

தீர்ப்பு

தெர்மல் குக்கர்: மூன்று பேருக்கு மேல் உள்ள எல்லா வீட்டுக்கும் வாங்கத் தகுந்தது. வாடகை வீடு, அடுக்குமாடி, மழைக்காலம் எதுவும் இதற்குத் தடையில்லை. உங்கள் வீட்டில் ஒருவேளைக்கு எவ்வளவு அரிசி போடுவீர்களோ அந்த அளவுக்கு வாங்குங்கள். பெரிதாக வாங்கினால் ஏமாறுவீர்கள்.

சூரிய அடுப்பு: நிழல் விழாத மொட்டை மாடியும், பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரும் உள்ள வீட்டுக்கு மட்டும். பெரியவர்கள் வீட்டிலிருக்கும் குடும்பத்துக்கு மிகப் பொருத்தம். எங்கள் வீட்டில் ஆணி நிழலைப் பார்த்துப் பெட்டியைத் திருப்புவது இப்போது அம்மாவின் வேலை. வாங்கும்போது கதவின் ரப்பர் ஓரம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நீர் கோத்து நின்றால், ஓரத்தில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

காசு செலவழிக்கும் முன் நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். கழுத்துவரை நிறைந்த சோற்றுப் பானை கொதித்து ஏழு நிமிடம் ஆனதும் அடுப்பை அமத்துங்கள். பானையை இறுக மூடித் தடித்த போர்வையில் சுற்றி, தலையணைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் வையுங்கள். பிறகு திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். அது வெந்திருந்தால், அதன் பிறகு கடைக்குப் போங்கள்.