பாதி குறைந்தால் போதும்

அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்புக்கு அடியிலும் திரும்பத் திரும்ப எழும் கட்டியை எங்கள் வீட்டில் சூட்டுக் கட்டி என்றே சொன்னார்கள். எண்ணெய் தேய்த்துக் குளி, கோழிக்கறியைக் குறை, சுத்தமாக இரு. மூன்றாவது அறிவுரைதான் அதிகம் சுட்டது. ஹைட்ராடினைடிஸ் சப்புரட்டிவா என்ற பெயர் கிடைத்தபோது எனக்கு வயது 34. அழுக்கால் வருவதல்ல, தொற்றுவதுமல்ல, மயிர்க்கால் அடைபட்டு எழும் அழற்சி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே அடாலிமுமாப் மருந்தின் சோதனை அறிக்கையை நோயாளியாகத்தான் வாசித்தேன். பயோனியர் என்ற பெயரில் இரண்டு சோதனைகள், 2016இல் வெளியானவை. மொத்தம் 633 பேர், பெரும்பாலோர் பெண்கள். வாரம் ஒரு ஊசி. 12ஆம் வாரத்தில் பலன் கண்டவர்கள் முதல் சோதனையில் 41.8 விழுக்காடு, இரண்டாவதில் 58.9. மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் 26, 27.6. இந்தக் கடைசி எண்களை மதிக்கிறேன். கட்டி தானாகவும் அடங்கும். ஒப்பிட ஆளில்லாவிட்டால் அந்தப் பெருமையும் மருந்துக்கே போயிருக்கும்.

என் சண்டை ‘பலன்’ என்ற சொல்லோடு. சீழ்க்கட்டிகளும் அழற்சி முடிச்சுகளும் சேர்ந்து பாதியாவது குறைய வேண்டும். சீழ்க்கட்டியோ சீழ் வடியும் புரையோ அதிகரிக்கக் கூடாது. இதுதான் வரையறை. புரை குறைய வேண்டும் என்று அதில் இல்லை. ஆறு கட்டி மூன்றாகி, புரை மட்டும் பழையபடி வடிந்துகொண்டிருக்கும் பெண்ணும் வெற்றிக் கணக்கில் வருவாள். அவள் நாளுக்கு எத்தனை துணி மாற்றுகிறாள், வாடைக்குப் பயந்து எந்த விசேஷத்துக்குப் போகவில்லை, பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடிகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. வலியைத் தனியாகக் கேட்டார்கள், உண்மை. ஆனால் இரண்டாம் நிலை அளவீடாகத்தான். அதிலும் இரண்டாவது சோதனையில் மட்டுமே தெளிவான வேறுபாடு தெரிந்தது.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நோய் கிளர்வதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். எண்ணும் நாள் எந்த நாள் என்று இந்த வரையறை கேட்பதில்லை. இரு குழுவிலும் அது சமமாகச் சிதறிவிடும் என்பார்கள், சராசரிக்குச் சரி. அதே அளவுகோலை ஒருத்தியின் உடம்பில் வைத்து, ஊசியைத் தொடர்வதா என்று முடிவு செய்யும்போது?

என் 12ஆம் வாரத்தில் மருத்துவர் எண்ணினார். ஏழு, நான்காகியிருந்தது. பாதி ஆகவில்லையே என்றார். நான் தேதியைச் சொல்லி, அடுத்த வாரம் மறுபடி எண்ணுங்கள் என்றேன்.