விஷ்ணுபுரத்தைக் கூடிப் படிப்பது

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்தது. அந்தப் பெரிய நாவலைத் தொடங்கிவிட்டு முதல் நூறு பக்கத்துக்குள் மூடி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோனா நதிக்கரையில் ஒரு நகரம், வானை மறைக்கும் கோபுரங்கள், கருவறைக்குள் நீண்டு படுத்திருக்கும் மாபெரும் விஷ்ணு சிலை, யுகத்துக்கு ஒருமுறை அது புரண்டு படுக்கும் என்ற நம்பிக்கை, திருவிழாவுக்கு வந்து குவியும் கவிஞர்களும் வைதிகர்களும் வீரர்களும் கணிகையரும். இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சூழும்போது, யார் யார், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பிடிபடாமல் மூச்சுத் திணறியவர்கள் அவர்கள். நாலு பேர் சேர்ந்து படித்தால் கரை சேரலாம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

சென்னையிலும் புதுச்சேரியிலும் கோவையிலும் இப்படிக் கூடிப் படிக்கும் வட்டங்கள் இருந்திருக்கின்றன, இருக்கின்றன. நான் கவரைப்பேட்டையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் ஊர். ஒரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பொறியியல் கல்லூரி, எட்டும் தொலைவில் சிப்காட் ஆலைகள். இத்தகைய ஊரில் புத்தகம் படிப்பவர் பெரும்பாலும் தனியாகத்தான் படிக்கிறார். படித்ததைப் பேச ஆள் தேடினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து சென்னைக்குப் போக வேண்டும். கூட்டு வாசிப்பு மிகவும் தேவைப்படுவது இங்கேதான். ஆனால் நகரத்து வட்டங்களின் முறையை அப்படியே எடுத்து வந்தால் அது இங்கே வேர் பிடிக்காது என்று நினைக்கிறேன். காரணம் ஊரிலும் இருக்கிறது, அந்த முறையிலும் இருக்கிறது.

முதலில் கூட்டு வாசிப்பின் பலத்தைச் சொல்ல வேண்டும். மிகுபுனைவு நாவல் வாசகரின் நினைவாற்றலைக் கடுமையாகச் சோதிக்கும் வடிவம். நாம் அறிந்த உலகத்தில் நடக்கும் கதையில் பாதி வேலையை நம் அனுபவமே செய்துவிடும். ரயில் நிலையம் என்றால் போதும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். இல்லாத நகரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு தெருவையும் சடங்கையும் நாவலே சொல்லி, நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'விஷ்ணுபுரம்' இதை இன்னும் கடினமாக்குகிறது. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று படுத்திருக்கும் சிலையின் காலிலிருந்து தலைவரை நகரும் மூன்று பகுதிகள் அதில் உண்டு. காலமோ அந்த வரிசையில் நகர்வதில்லை. முதல் பகுதியில் தொன்மமாக, வழிபாடாக, கதையாகக் காதில் விழுபவை இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமான மனிதர்களாக நடமாடுகின்றன. ஒரு மனிதர் எப்படிப் புராணமாகிறார், அப்போது அவருடைய தடுமாற்றங்கள் எப்படிக் கழுவப்படுகின்றன என்பதே நாவலின் உயிரான விஷயம். முந்நூறு பக்கத்துக்கு முன்னால் போகிற போக்கில் வந்த பெயரை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் அது திறக்கும். தனி வாசகருக்கு அதில் பாதி நழுவிப்போகும். நாலு பேர் இருந்தால் அவர்களில் ஒருவருக்காவது ஞாபகம் வரும். "இந்தப் பெயரை முன்னாடியே பார்த்தோமே" என்று அவர் சொல்லும்போது பக்கங்கள் பின்னோக்கிப் புரளும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே கூடிப் படிக்கலாம்.

இன்னொரு பலம் இதைவிட ஆழமானது; இந்த வட்டாரத்துக்கே உரியதும்கூட. திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் உட்பட வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பது இன்றும் நடக்கிறது. பகலில் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பிரசங்கியார் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக வரும். கடைசியில் படுகளம். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து தரையில் கிடத்தியிருப்பார்கள். அவன் வீழ்ந்த பிறகு பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், தீமிதி நடக்கும். சின்ன வயதில் அந்த மண்ணுடலின் பக்கத்தில் நின்றவருக்கு, படுத்திருக்கும் பேருருவம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'விஷ்ணுபுர'த்தில் வைதிகர்கள் விஷ்ணு என்று வணங்கும் அதே சிலையை, அந்த மண்ணின் பழங்குடிகள் தங்கள் பெருமூப்பன் என்று நம்புகிறார்கள். படுகளம் பார்த்து வளர்ந்தவர் அந்தப் பகுதிக்கு வரும்போது கொண்டுவரும் அனுபவம், தத்துவம் படித்தவரிடம் இருக்காது. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் நாவலின் இரண்டு பக்கமும் தெரியும். அதோடு, இந்தப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசித் தமிழில் படித்தவர்கள் நிறைய. நாவலின் வடசொல் செறிந்த நடை தமிழ் மட்டும் அறிந்தவரை நிறுத்தும் இடங்களில், அவர்களுக்குக் காது எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

நம்புவதற்குத் துணை வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் பெரிய எழுத்தில் அச்சிட்ட விக்கிரமாதித்தன் கதையை ஒருவர் உரக்கப் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்டார்கள். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வை அண்ணன் படிக்கத் தம்பி தங்கைகள் கேட்டார்கள். பேசும் பதுமையையும் வேதாளத்தையும் அவர்கள் சேர்ந்தே நம்பினார்கள். வளர்ந்த மனிதர் தனியே உட்கார்ந்து புரண்டு படுக்கும் சிலையை நம்பும்போது உள்ளுக்குள் ஒரு கூச்சம் எழுகிறது. பக்கத்தில் இன்னொருவரும் நம்பிக்கொண்டிருந்தால் அது விலகிவிடும்.

இனி, இந்தப் பழக்கம் பறித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். கூடினால் பேசியாக வேண்டும். பேச்சு, பேசத்தக்கதைத்தான் தேடும். 'விஷ்ணுபுர'த்தின் இரண்டாம் பகுதியில் அஜிதனும் பவதத்தரும் மோதும் பெரும் தத்துவ விவாதம் இருக்கிறது. எந்த வட்டத்திலும் அதிக நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். வாதமும் மறுவாதமும் ஏற்கெனவே இருப்பதால், நம் பங்குக்கும் ஏதாவது சேர்க்கலாம். மூன்றாம் பகுதியில் வரும் பிரளயத்தைப் பற்றி என்ன பேசுவது? நகரம் அழிவதைக் கண்ணால் பார்க்கலாம், உடலால் உணரலாம்; கருத்தாக மாற்றினால் அது சுருங்கிப்போகும். சிலை எதைக் குறிக்கிறது, வெள்ளம் எதைக் குறிக்கிறது, நகரம் எந்த நகரத்தைக் குறிக்கிறது என்று கேட்கத் தொடங்கிய வட்டம் விரைவிலேயே மாயத்தை எல்லாம் விடுகதையாக்கி விடை கண்டுபிடித்துவிடும். விடை தெரிந்த பிறகு சிலை வெறும் கல். நாவலைப் பழமைபோற்றும் படைப்பு என்று சிலரும், பழமையைக் கலைத்துப் போடும் படைப்பு என்று சிலரும் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் தேவையானதே. சிலையின் முன்னால் ஒருமுறைகூட வாய்பிளந்து நிற்காதவர்கள் அதை நடத்தும்போதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த குறை, ஒருவருடைய குரல் மற்றவர்களை அடக்கிவிடுவது. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1930களிலும் 40களிலும் சி.எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் வியாழக்கிழமை இரவுகளில் 'இங்க்லிங்ஸ்' என்ற நண்பர் குழு கூடும். ஜே.ஆர்.ஆர். டோல்கியன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுத எழுத அங்கே படித்துக் காட்டினார். லூயிஸின் ஊக்கம் இல்லாவிட்டால் அந்த நாவல் முடிந்திருக்காது என்று டோல்கியனே பின்னாளில் நன்றியோடு சொன்னார். அதே குழுவில் ஹியூகோ டைசன் என்ற நண்பருக்கு அந்த மாயமனிதர்களின் கதை பிடிக்கவில்லை. அவர் வெறுப்பை வெளிப்படையாகக் காட்டியதால், ஒரு கட்டத்தில் அவர் இருக்கும் இரவுகளில் அதைப் படிப்பதே நின்றுபோனது. ஒரு நாவலை முடிக்க வைத்த குழுவே அதன் வாசிப்பை நிறுத்தியும் இருக்கிறது. கேலிக்கு முன்னால் மிகுபுனைவைப் போல் நிராதரவான வடிவம் வேறில்லை. ஒரு சிரிப்புச் சத்தம் போதும், கோட்டை சரிந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து 2020 ஜூலை வரை ஜெயமோகன் 'வெண்முரசு' என்ற பெயரில் மகாபாரதத்தை 26 நாவல்களாக, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதி வெளியிட்டார். தமிழில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய கூட்டு வாசிப்பு அது. வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் ஒரே நாளில் ஒரே அத்தியாயத்தைப் படித்தார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் மாதம்தோறும் கூடிப் பேசினார்கள். அவ்வளவு நீண்ட படைப்போடு இத்தனை ஆண்டுகள் ஒரு வாசகர் கூட்டம் நடந்து வந்ததை நான் பெருமையாகவே பார்க்கிறேன். ஆனால் ஆசிரியர்மேல் கொண்ட அன்பால் கூடும் அவையில் "இந்த அத்தியாயம் சோர்வாக இருக்கிறது" என்று ஒருவர் எழுந்து சொல்வது கடினம். டைசன் நாவலைப் பேசவிடவில்லை. அன்பர் கூட்டம் டைசனைப் பேசவிடாது. நல்ல வாசிப்புக்கு இரண்டுமே இடைஞ்சல்.

மனச்சித்திரம் பொதுவாகிவிடுவதும் ஓர் இழப்பே. 'பொன்னியின் செல்வன்' 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்களே பல தலைமுறைக்கு வந்தியத்தேவனும் நந்தினியும் ஆயின. மணியம் பெரும் கலைஞர், அதில் ஐயமில்லை. ஆனால் தன் நந்தினியைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த வாசகருக்குக் கிடைக்கவில்லை. கூட்டு வாசிப்பில் படம் இல்லாமலே இது நடக்கும்: முதலில் பேசுபவர் கோபுரத்தை எப்படி வருணிக்கிறாரோ, அதுதான் மற்ற எல்லோருக்கும் கோபுரம்.

கடைசியாக, நேரம். ஞாயிறு மாலை ஆறு மணி என்பது மாதச் சம்பள அலுவலருக்கு வசதியான நேரம். வாரம் மாறும் ஷிஃப்டில் ஓடுபவர் ஒரு வாரம் வருவார், அடுத்த வாரம் இரவு வேலை, அதற்கடுத்த வாரம் தூக்கம். பெண்களுக்கு அதுவே அடுப்படி நேரம். முன்கூட்டியே இத்தனை பக்கம் படித்துவிட்டு வர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால், விட்டவர் விட்டவர்தான். பாரதக் களத்தில் ஒருநாள் வராதவருக்கு நஷ்டமில்லை. கதை தெரிந்த கதை. 'விஷ்ணுபுர'த்தில் நாற்பது பக்கம் தவறினால் நகரமே தொலைந்துபோகும். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. அது பல இடங்களில் சிறப்புரையும் பொன்னாடையுமாக முடிந்துவிடுகிறது. அந்த மேடையில் புத்தகம் விரித்துப் படிக்கப்படுவது அரிது.

கவரைப்பேட்டையில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் படித்துவிட்டு வந்து பேசும் முறையை விட்டுவிட்டு, கூடிய இடத்திலேயே உரக்கப் படியுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர். அதைக் கைப்பேசியில் பதிந்து இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கும் வீட்டைவிட்டு வர முடியாதவருக்கும் அனுப்புங்கள். ரயிலிலோ சமையல் நேரத்திலோ அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த கூட்டம், போன முறை வராத ஒருவருக்கு வந்த ஒருவர் கதை சொல்வதிலிருந்து தொடங்கட்டும். பிரசங்கியார் செய்வதும் அதைத்தான். பெயர்களுக்கு ஒரு பொது நோட்டு போதும். ஒரு பகுதி முடியும்வரை எது எதைக் குறிக்கிறது என்ற கேள்வி வேண்டாம். யார், எங்கே, எப்போது என்பது மட்டும்.

மூன்றாம் பகுதியை மட்டும் கூடிப் படிக்க வேண்டாம். முதல் இரண்டு பகுதிகளில் நகரத்தின் வழிகளைத் தெரிந்துகொண்டவருக்கு அங்கே துணை தேவைப்படாது. அந்த வெள்ளத்தை அவரவர் வேகத்தில், அவரவர் பயத்தோடு சந்திக்கட்டும். எல்லோரும் முடித்த பிறகு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பேசுங்கள். அன்றைக்கு முதல் அரைமணி நேரம், நாவல் பிடிக்காதவருக்கு. படிக்கும்போது அவர் குறுக்கே பேசியிருந்தால் மற்றவர்களின் நகரம் சரிந்திருக்கும். இப்போது எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர் எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம்.